எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதிலும் மூன்று அல்லது நான்கு படங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாத காலம் ஒன்று நம் ஊர்களில் இருந்தது; அது அப்படியொன்றும் தொலைவில் இல்லை. தலை நின்ற குழந்தையாகக் கவிழ்ந்து படுத்திருந்தபோது ஒன்று, பள்ளி இறுதி வகுப்பில் ஆசிரியர்களைச் சூழ்ந்து நின்று ஒன்று, கல்யாணத்தை ஒட்டி ஒன்று என்று அவை அமைந்தன. சிலருக்கு இவ்வளவும் வாய்க்கவில்லை. உயிர் பிரிந்த பின் மாலையோடு நாற்காலியில் சாய்த்து எடுத்த ஒரே படம்தான் அவர்கள் இருந்ததற்குச் சான்றாக வீட்டில் மிஞ்சியது. அந்த மூன்று நான்கு படங்களையும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர் ஒருவரே எடுத்தார். எனவே ஓர் ஊரில் யார் எந்த முகத்தோடு நினைக்கப்படுவார் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, யாரும் கேட்காமலே, அந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தப் பொறுப்பை உணர்ந்து தொழில் செய்த ஒருவரைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். தஞ்சை மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றின் கடைத்தெருவில், ஒரு மாடிப்படியின் கீழே பெயர்ப்பலகை மாட்டி, ஒரு தலைமுறைக்கு மேலாக ஸ்டூடியோ நடத்தியவர் அவர். அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. விளம்பரம் அவருக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை என்பது மற்றொரு காரணம். பெரியவர்களுக்கு அவர் ஸ்டூடியோக்காரர், எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் போட்டோ மாமா.

நிழற்படக் கலை தமிழ்நாட்டுக்கு வந்தது மிக முன்னதாகவே. 1839-இல் பாரிஸில் தாகேர் என்பவரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856-இல் சென்னையில் ஒரு நிழற்படச் சங்கமே தோன்றிவிட்டது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, மெழுகேற்றிய பெரிய காகித நெகட்டிவ்களில், அதாவது ஒளியும் இருளும் இடம்மாறிப் பதியும் மூலப்படங்களில், மதுரையையும் தஞ்சாவூரையும் பதிவு செய்தார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். கோபுரங்களுக்கு அன்றே கிடைத்த வாய்ப்பு, கோபுரத்தடியில் பூத்தொடுத்து விற்றவருக்குக் கிடைக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த வாய்ப்பைக் கடைத்தெரு வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் சிறு நகரங்களின் ஸ்டூடியோக்காரர்கள். வரலாற்று நூல்களில் அவர்களுக்கு அதிக இடம் இல்லை.

எங்கள் ஊர் ஸ்டூடியோவின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, கண்ணாடி அலமாரி ஆகியவை இருந்தன. அலமாரியில் வைக்கும் படங்களுக்கு உரியவரிடம் கேட்டு ஒப்புதல் பெற்ற பின்னரே அவர் வைப்பார். வயதுக்கு வந்த பெண்களின் படங்களை அவர்களே விரும்பினாலும் வைக்கமாட்டார். அடுத்தது ஒப்பனைக்கான சிறு தடுப்பு. ரசம் போன ஒரு நிலைக்கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் தொங்கிய ஒரு கறுப்புக் கோட்டு, அதனுடன் ஒரு டை. ஊரில் எத்தனையோ பேருடைய வேலை விண்ணப்பங்களில் ஒட்டப்பட்ட படங்களில் இருப்பது அந்த ஒரே கோட்டுதான். ஒல்லியானவருக்கு அதன் முதுகுப்புறத்தைத் துணிக் கிளிப்புகளால் இறுக்கிவிடுவார். பருத்தவருக்குப் பொத்தான் போடாமல் முன்பக்கத்தை மட்டும் நேராக்கிவிடுவார். படம் எடுக்கும் அறையின் சுவரில் தொடக்கக் காலத்தில் மாளிகைப் படிக்கட்டும் தூணும் வரைந்த ஒரு திரைச்சீலை தொங்கியது. பின்னாளில் அதைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத் துணி ஒன்றை மாட்டினார். மாளிகையை விரும்பி வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இன்று அந்தப் படங்களைப் பார்க்கும்போது, சாம்பல் துணிக்கு முன்னால் நிற்கும் முகங்களே நம்மை நேராகப் பார்க்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

அவர் தொழில் கற்ற காலத்தில் மின்விளக்கை முழுதும் நம்ப முடியாது. அதனால் அறையின் வடபுறக் கூரையில் ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடிகளைப் பதித்திருந்தார்கள். வடக்கு வெளிச்சம் நேர்வெயில் படாத, நாள் முழுவதும் அதிகம் மாறாத வெளிச்சம் என்று நிழற்படப் பாடநூல்கள் சொல்லும். அந்த நூல்கள் குளிர் நாடுகளில் எழுதப்பட்டவை. நம் பகுதியிலோ சித்திரை தொடங்கி ஆவணித் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்து செல்லும். அந்த மாதங்களில் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் நேரே முகத்தில் இறங்கிவிடும். அதற்காகக் கூரையின் கீழே கயிற்றில் இழுத்து நகர்த்தும்படி வெள்ளை வேட்டிகளைக் கட்டியிருந்தார். எந்த மாதத்தில், எந்த மணிக்கு எத்தனை வேட்டிகளை இழுத்து மூட வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகு 500 வாட் விளக்குகள் வந்தன. ஒரு விளக்கைப் பக்கவாட்டில் சற்று உயர்த்தி வைத்து, மறுபக்கத்து நிழல் முழுக் கறுப்பாகிவிடாதபடி இன்னொன்றைத் தள்ளி வைப்பார். மூன்றாவது விளக்கு பின்திரைக்கு. கோடையில் அந்த அறையில் உட்காருபவரின் நெற்றியில் வேர்வை துளிர்ப்பதற்குள் எடுத்து முடிக்க வேண்டியிருந்ததால், ஒருவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்து முடிக்கும்வரை விளக்குகளைப் போடவே மாட்டார்.

அந்தப் பேச்சில்தான் அவருடைய தொழிலின் பாதி இருந்தது. பழைய படங்களில் நம் பாட்டன் பாட்டிகள் ஏன் சிரிப்பதில்லை என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூச்சமும் மரபும் காரணம்தான் என்றாலும் எளிய காரணம் ஒன்று உண்டு. அன்றைய பிலிமின் உணர்திறனுக்கு, அறைக்குள் பத்தில் ஒரு பங்கு நொடியாவது, சில வேளைகளில் அரை நொடியும், ஒளி விழ வேண்டும். அவ்வளவு நேரம் ஒரு சிரிப்பை அசையாமல் பிடித்துவைத்தால் அது சிரிப்பாக இராது, பல்லைக் காட்டுவதாகிவிடும். ஆகவே அவர் சிரிக்கச் சொல்வதில்லை. கேமராவை முக்காலியில் நிறுத்திக் கூர்மை பார்த்த பின், நீளமான கேபிளின் பொத்தானைக் கையில் பிடித்தபடி கேமராவை விட்டு விலகி வந்து நின்றுகொள்வார். எதிரே இருப்பவர் கண்ணாடி வில்லையைப் பார்க்க வேண்டியதில்லை, அவரைப் பார்த்தால் போதும். நடவு முடிந்ததா, மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளா, பெரியவருக்கு முட்டுவலி தேவலையா என்று கேட்பார். பிறகு, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்பார். மூச்சு வெளியேறும்போது எந்த மனிதருக்கும் தோள்கள் சற்றே தாழும்; தாடையின் இறுக்கம் தளரும்; அடுத்த மூச்சு தொடங்குவதற்கு முன் உடல் தானே அசைவற்று நிற்கும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவார். எடுத்தாகிவிட்டது என்பதே பலருக்குத் தெரியாது. "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு எழுந்திருப்பார்கள்.

120 என்ற அளவுப் பிலிம் ரோல் ஒன்றில் சதுரப் படங்கள் பன்னிரண்டு விழும். ஆளுக்கு ஒன்று என்பது அவருடைய கணக்கு. கண் இமைத்துவிட்டது என்று ஐயம் வந்தால் மட்டுமே இரண்டாவது. இது கஞ்சத்தனமன்று. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் வெளிநாட்டு பிலிம் கிடைப்பதே அரிது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் பின்னர் உற்பத்தியைத் தொடங்கிய பிறகுதான், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருளும் தாளும் சிறு ஸ்டூடியோக்களுக்கு எட்டும் பொருள்களாயின.

எடுப்பதைப் பகலில் முடித்துவிட்டு, கழுவும் வேலையை அவர் இரவுக்கு வைத்துக்கொள்வார். கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவும் கரைசலுக்கு 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் உகந்தது. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சித்திரையில் அந்த அளவுக்கு எங்கே குளிரும்? ஐஸ் கட்டியை உமியில் பொதிந்து வாங்கிவந்து, கரைசலில் நேராகப் போடாமல், கரைசல் தொட்டியைச் சுற்றிப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் குளிர்விப்பார். நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். சூடு கூடினால் பிலிமின் மேற்பூச்சாகிய ஜெலட்டின் இளகி நெளிந்துவிடும். எல்லா நிறங்களையும் உணரும் பிலிமை முழு இருளில், கைத்தடவலில்தான் கையாள வேண்டும். அச்சிடும் புரோமைடு தாளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது என்பதால் அதை மட்டும் சிவப்பு விளக்கின் அடியில் கழுவலாம். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், கிண்ணத்துக் கரைசலில் கிடக்கும் வெள்ளைத் தாளில் முதலில் தலைமுடியும் புருவமும் கருமை ஏற, அப்புறம் கண்கள் தெளிய, கடைசியாகக் கன்னங்கள் உருக்கொள்வதைக் காணச் சிறுவயதில் எனக்கு அவர் இடம் கொடுத்திருக்கிறார். கையை எதிலும் வைக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

படத்தை நிலைநிறுத்த ஹைப்போ என்ற சோடியம் தயோசல்பேட் கரைசலில் இட வேண்டும். அதன்பின் அந்த ஹைப்போ சிறிதும் தங்காமல் தண்ணீரில் அலசியாக வேண்டும். தங்கினால் சில ஆண்டுகளில் படம் பழுத்து மங்கும். அவசரக்காரர்கள் இரண்டு முறை முக்கியெடுத்துக் காயப்போட்டுவிடுவார்கள். இவர் தொட்டித் தண்ணீரை மாற்றி மாற்றி நெடுநேரம் அலசுவார். கிணற்றில் இறைப்பதற்கென்றே ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். அறுபதுகளில் அவர் அச்சிட்ட படங்கள் எங்கள் வீட்டில் இன்னும் பழுக்காமல் இருப்பதற்கு அந்தப் பையனின் கைகளும் காரணம்.

அடுத்தது டச்சிங். சாய்வான ஒரு சிறு மேசை, அதன் நடுவில் சொரசொரப்பான கண்ணாடி, கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் நுண்ணிய புள்ளிகளை இடுவார். படத்தில் கருமையாகத் தெரியும் பருவும் அம்மைத் தழும்பும் கண்ணடிக் கருவளையமும் நெகட்டிவில் வெளிறிய இடங்களாக இருக்கும். பென்சில் கரி ஏறினால் அந்த இடத்தில் ஒளி குறைவாக ஊடுருவும். அச்சில் தழும்பு மறையும். எங்கே நிறுத்துவது என்பதே இதில் திறமை. பருவை எடுப்பார், மச்சத்தை எடுக்கமாட்டார். வயதானவர்களின் நெற்றிக் கோடுகளை மென்மையாக்குவார், அழிக்கமாட்டார். "அதை அழிச்சா அது உங்க அப்பாவே இல்ல தம்பி" என்று ஒருவரிடம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெண் பார்ப்பதற்காக அனுப்பும் படங்களில் மட்டும் அவர் இந்த ஒழுங்கைத் தளர்த்தினார். "கொஞ்சம் கலரா வரட்டுங்க" என்று பெண்ணின் தாயார் தயங்கிக் கேட்கும்போது, அதற்கேற்ற தாளைத் தேர்ந்து, ஒளியைக் குறைத்து, நிறத்தை ஓரிரு படி வெளுக்கவைத்து அச்சிட்டுக் கொடுப்பார். கறுத்த மேனியின் பளபளப்பை அவ்வளவு அழகாகப் படத்தில் கொண்டுவரத் தெரிந்த ஒரு கலைஞர் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றே நான் இன்றும் கருதுகிறேன். அவரிடம் கேட்டபோது, அந்த வீட்டில் அடுத்தடுத்து எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

அவருடைய கலையின் உச்சம் என்று நான் கருதுவது படமே இல்லாதவர்களுக்கு அவர் உருவாக்கித் தந்த படங்களைத்தான். ஒருவர் இறந்துபோவார், சுவரில் மாட்ட ஒரு படம் இராது. வீடெல்லாம் தேடினால் எங்கோ ஒரு சங்கத்து ஆண்டுவிழாவில் எடுத்த குழுப்படத்தில், மூன்றாவது வரிசையில், இரண்டு தலைகளுக்கு இடையில் கட்டைவிரல் நகமளவு முகம் ஒன்று தெரியும். அதைக் கொண்டுவந்து அழுதுகொண்டே நீட்டுவார்கள். அவர் அந்தப் படத்தைப் பலகையில் நிறுத்தி மறுபடி படம் பிடித்து, அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கி, மறைந்திருக்கும் ஒரு காதையும் தோளையும் தூரிகையால் தீட்டிச் சேர்த்து, அதை மீண்டும் நெகட்டிவாக்கி, அதன்பின் இறுதி அச்சுக்குப் போவார். காது எப்படி இருக்கும் என்று அறிய, இறந்தவரின் உடன்பிறந்தார் யாரையாவது வரவழைத்துப் பார்த்துக்கொள்வார்.

கணவனை இளவயதில் இழந்த ஓர் ஆச்சி, தமக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்று முதுமையில் வந்து கேட்டார். இணைந்து எடுத்த படம் அவர்களுக்குக் கிடையாது. கணவரின் முகம் பள்ளிக்கூட வாசலில் வெயிலில் எடுத்த ஒரு குழுப்படத்தில் இருந்தது. ஆச்சியை ஸ்டூடியோவுக்குள் உட்காரவைக்காமல், காலை வெயில் விழும் பின்கட்டுக்கு அழைத்துச் சென்று, குழுப்படத்தில் ஒளி எந்தப் பக்கத்திலிருந்து, எந்தச் சாய்வில் விழுந்திருந்ததோ அதே சாய்வு வரும்வரை காத்திருந்து எடுத்தார். இரண்டு முகங்களின் நிழலும் ஒரே பக்கம் விழாவிட்டால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும் அல்லவா? ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருந்தது. படத்தில் அவர் இளைஞர், இவர் கிழவி. சுருக்கங்களைக் குறைத்துவிடட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். "வேண்டாம்ப்பா, நான் எத்தனை காலம் இருந்தேன்னு அவரு தெரிஞ்சுக்கட்டும்" என்றார் ஆச்சி. பார்ப்பவர்கள் தாயும் மகனும் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக, இருவரையும் சம உயரத்தில், நம் வீடுகளில் தம்பதிகள் அமரும் முறையில் அமைத்து அந்தப் படத்தை முடித்துக் கொடுத்தார். இதையெல்லாம் இன்று ஒரு மென்பொருள் சில நிமிடங்களில் செய்துவிடும் என்பார்கள். செய்யும்தான். பின்கட்டில் வெயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் அந்த ஆச்சி தம் கணவரைப் பற்றி அவரிடம் சொன்னவற்றைக் கேட்டுக்கொள்ள அதற்குத் தேவை இராது.

எண்பதுகளில் வண்ணப்படம் சிறு நகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. அவருடைய சரிவு அங்கே தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். வருமானத்தைப் பொறுத்தவரை அது உண்மையில்லை, வண்ணத்தால் கூட்டம் பெருகவே செய்தது. அவர் இழந்தது வேறு. வண்ண நெகட்டிவைக் கழுவும் கரைசல் 37.8 டிகிரியில், கால் டிகிரி கூடக் குறையாமல் நிற்க வேண்டும். அதைக் கிண்ணமும் ஐஸும் வைத்துச் செய்ய முடியாது. ரோல்கள் பஸ் ஏறித் தஞ்சாவூர் லேபுக்குப் போயின; படங்கள் உறையில் திரும்பி வந்தன. முன்பு கழுவுவதும் அச்சிடுவதும் திருத்துவதும் அவர் கையில் இருந்தன. இப்போது பொத்தானை அழுத்துவது மட்டுமே அவருடையதாயிற்று. முகம் தெரியாத ஒருவர், முகம் தெரியாத ஓர் எந்திரத்தில், எங்கள் ஊர்க்காரர்களின் நிறத்தை முடிவு செய்தார். 1993-இல் தேர்தல் ஆணையம் வாக்காளர்களுக்குப் படத்துடன் கூடிய அடையாள அட்டையை ஆணையிட்ட பிறகு, ஆயிரக்கணக்கானோரை வரிசையில் நிறுத்தி எடுக்கும் பழக்கமும் வந்தது. வாழ்வில் முதன்முறையாகப் படம் எடுக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். அந்த வகையில் அது பெரிய செயல். ஆனால் மூச்சை விடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

அவர் மறைந்த பிறகு ஸ்டூடியோவைக் காலி செய்தபோது, பரண் முழுவதும் நெகட்டிவ் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் காகித உறையில், எண்ணிட்டு, பேரேட்டில் தேதியும் பெயரும் பதியப்பட்டிருந்தன. பல ஊர்களில் இத்தகைய பெட்டிகளுக்கு நேர்ந்த கதி வேறு. பிலிமிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் எடைக்கு வாங்கிப் போனார்கள். பழைய கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிவிட்டு வெறும் கண்ணாடியாகப் படச்சட்டங்களுக்குப் பயன்படுத்தினார்கள். எஞ்சியதைக் கரையானும் பூஞ்சையும் தின்றன. எங்கள் ஊர்ப் பெட்டிகளை அவருடைய பிள்ளைகள் விற்கவில்லை. பெட்டியைத் திறந்தால் சிலவற்றில் புளித்த காடியின் வாடை அடிக்கிறது. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது. அப்படி வாடை வருபவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்காவிட்டால் அந்தச் சிதைவு அடுத்தவற்றையும் விரைவுபடுத்தும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்வடிவில் பதிந்து காத்து வந்திருக்கிறது. அது போன்ற பணி ஒவ்வொரு சிறு நகரத்திலும் நடக்க வேண்டியதுதான். அதற்குக் காத்திராமல் உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் சிலர் எங்கள் ஊரில் பேரேட்டைப் பார்த்துப் படியெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

பேரேட்டில் பெயர் இருந்தும் ஆளை அடையாளம் காண முடியாமல் அவர்கள் திணறுகிறார்கள். "மணியார் வீட்டுப் பெரியம்மா", "தெற்குத் தெரு அண்ணி" என்றெல்லாம்தான் பல பதிவுகள் இருக்கின்றன. எழுதியவருக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று அந்தப் பெரியம்மா யார் என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் நாலைந்து பேர்தான். இந்த உரையைக் கேட்கும் உங்கள் வீடுகளிலும் பழைய படங்கள் இருக்கும். இருக்கிற பெரியவர்களை உட்காரவைத்து, யார் யார் என்று கேட்டு, படத்தின் பின்புறத்தில் பெயரையும் உறவையும் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முகத்தில் கோடு விழும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரையும் எண்ணும் அங்கே இருந்தால் அவற்றின்மேல் எழுதாதீர்கள். பேரேடு கிடைக்கும் ஊரில் அந்த எண்ணைக் கொண்டு நெகட்டிவையே தேடி எடுத்துவிடலாம்.

வணக்கம்.